கையடக்க ஜிபிஎஸ் கருவியுடன் மலையேற்றம்: வீட்டில் தொடங்கி வீடு திரும்பும் வரை

கையடக்க ஜிபிஎஸ் கருவியைப் புதிதாக வாங்கியவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை முந்தைய நாள் இரவு வீட்டிலேயே நிகழ்ந்துவிடுகின்றன. மறுநாள் மலையில் அவை வெளிப்படுகின்றன. நீலகிரியிலும் பழனி மலைப் பகுதியிலும் சிறு குழுக்களோடு நடந்தபோது நான் பார்த்தவற்றையும், நானே சறுக்கியவற்றையும் இங்கே படி வரிசையாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி முடிந்திருப்பதாகக் கொண்டே எழுதப்பட்டது. ஆகவே இடையில் தாவாமல் படிப்பது நல்லது. மெனுப் பெயர்கள் கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் வகைக் கருவிகளை ஒட்டியவை. மற்றக் கருவிகளில் பெயர் சற்று மாறலாம், வேலை மாறாது.

1. கையில் இருக்க வேண்டியவை

கருவி, அதற்குரிய ஏஏ பேட்டரிகள் இரண்டு, மாற்றுப் பேட்டரிகள் இரண்டு, கணினியில் இணைக்கும் கேபிள், பகுதியின் காகித வரைபடம், சாதாரணக் காந்தத் திசைகாட்டி, ஒரு சிறு குறிப்பேடு, பென்சில். காகித வரைபடமும் திசைகாட்டியும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கருவி ஓடையில் விழுந்தால் அன்றைய மீதி நாளை நடத்தித் தருபவை அவை இரண்டும்தான்.

செல்பேசியிலும் ஜிபிஎஸ் இருக்கிறது. டவர் இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும். ஆனால் மழையில் நனைந்த விரலுக்குத் தொடுதிரை பணியாது, நாள் முழுதும் திரையை எரியவிட்டால் மாலைக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும், அவசரத்தில் பேசுவதற்கு அந்தச் சார்ஜ் தேவை. பொத்தான் வைத்த கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, செல்பேசியை அணைத்துப் பையில் வைப்பதே சரியான பங்கீடு.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. ஜிபிஎஸ் குறிப்பலையை (சிக்னலை) பெற மட்டும் செய்யும் கருவிக்கு இங்கே தடை இல்லை. ஆனால் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளையும் செயற்கைக்கோள் தொலைபேசிகளையும் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். விமான நிலையச் சோதனையில் இவற்றோடு பிடிபட்டு வழக்கைச் சந்தித்தவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு உறவினர் அன்பளிப்பாகக் கொண்டுவரும் கருவி எந்த வகை என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய கருவியைப் பிறரிடம் வாங்கினால், வெட்ட வெளியில் வைத்து இன்றைய தேதி சரியாக வருகிறதா என்று பாருங்கள். ஜிபிஎஸ் அமைப்பின் வார எண்ணிக்கை 1,024 வாரங்களுக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்புகிறது. கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரலில். மென்பொருள் புதுப்பிக்கப்படாத கருவிகள் சில அன்றிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முந்தைய தேதியைக் காட்டுகின்றன. இடம் சரியாகவே இருக்கும். பதிவான பாதைகளின் தேதி மட்டும் குழம்பும்.

2. அனுமதியும் பாதையும்

பாதையைத் தேர்ந்தெடுத்த பிறகு அனுமதி தேடுவது தலைகீழ் வரிசை. காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் நேர்ந்த காட்டுத்தீ விபத்துக்குப் பின் மலையேற்றத்துக்கெனத் தனி விதிகளும் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது பாதைகளை ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் திறந்தது. அவற்றில் இணையத்தில் முன்பதிவு செய்து, உடன்வரும் வழிகாட்டியோடு நடக்கலாம்.

வழிகாட்டி வருகிறார் என்றால் கருவி எதற்கு? பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்பது ஒரு காரணம். பதினைந்து பேர் கொண்ட குழுவில் முன்னால் போகிறவருக்கும் கடைசியில் வருகிறவருக்கும் இடையே மூடுபனி இறங்கிவிட்டால், கடைசி ஆளின் கையில் ஒரு கருவி இருப்பது இன்னொரு காரணம். வழிகாட்டி சொல்வதும் அம்புக்குறி சொல்வதும் மாறுபட்டால், வழிகாட்டி சொல்வதையே கேளுங்கள். யானை நிற்கும் இடம் எந்த வரைபடத்திலும் வராது.

3. பேட்டரியின் வகையைக் கருவிக்குச் சொல்லுதல்

கருவியில் செய்யும் வேலைகளில் இது முதலில் வரக் காரணம், பேட்டரி மாற்றினால் பல கருவிகளில் உள்ளே இருக்கும் திசைகாட்டியின் அளவுத்திருத்தத்தை (சரியான திசையைக் காட்டும்படி சரிசெய்வதை) மீண்டும் செய்ய வேண்டியிருக்கும் என்பதே. எல்லாம் சரிசெய்துவிட்டுக் கடைசியில் புதுப் பேட்டரி போடுபவர், செய்த வேலையில் ஒன்றைத் தாமே அழித்துவிடுகிறார்.

செட்டப், சிஸ்டம், பேட்டரி டைப் என்ற இடத்தில் அல்கலைன், லித்தியம், ரீசார்ஜ் வகை ஆகிய மூன்றில் உங்களிடம் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ரீசார்ஜ் பேட்டரியின் மின்னழுத்தம் 1.2 வோல்ட், அல்கலைன் புதிதாக இருக்கையில் 1.5 வோல்ட். வகையைத் தவறாகச் சொன்னால், முழுச் சார்ஜில் உள்ள பேட்டரியையும் கருவி பாதி என்று காட்டும். அதைவிட மோசமாக, தீரும் தறுவாயில் உள்ளதைப் பாதி என்று காட்டக்கூடும்.

ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் கருவிகளுக்கு நிறுவனம் சொல்வது 25 மணி நேரம். திரை வெளிச்சத்தை அடிக்கடி எரியவிட்டால் அவ்வளவு வராது. வெளிச்சம் பதினைந்து நொடியில் அணையும்படி வையுங்கள். பகலில் அது தேவையே இல்லை, வெயில் படும்போது இந்தத் திரைகள் இன்னும் தெளிவாகத் தெரியும்.

4. அமைப்புகள்: அதிகப் பிழை நிகழும் இடம்

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மூன்று விதமாக எழுதலாம்: முழுக்கத் தசமத்தில் (11.50833°), டிகிரியும் தசம நிமிடமுமாக (11° 30.500'), டிகிரி நிமிடம் நொடியாக (11° 30' 30"). இந்த மூன்றும் ஒரே இடத்தைக் குறிக்கின்றன. கார்மின் கருவிகள் வாங்கியவுடன் பெரும்பாலும் இரண்டாவது வடிவத்திலேயே இருக்கும். செல்பேசி வரைபடங்கள் முதல் வடிவத்தில் தருகின்றன. குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

என் முதல் ஆண்டில் நண்பர் ஒருவர் தொலைபேசியில் ஓர் ஓடைக்கரை முகாமின் எண்ணைச் சொன்னார்: “பதினொன்று, முப்பது புள்ளி ஐந்து சுழியம் சுழியம்.” நான் அதை 11.30500 என்று எழுதிக் கருவியில் ஏற்றினேன். அவர் சொன்னது 11° 30.500'. இரண்டுக்கும் இடையே தெற்கு வடக்காக 22 கிலோமீட்டருக்கும் மேல். திரையில் முகாம் வேறொரு மலைச்சரிவில் அழகாக உட்கார்ந்திருந்தது, எந்தச் சந்தேகமும் எழவில்லை. பேருந்து ஏறும் முன் தற்செயலாகத் தொலைவைப் பார்த்ததால் தப்பினேன்.

ஆகவே குழுவில் எல்லாரும் ஒரே வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள். முழுத் தசமமே தற்போது எளிது. பொசிஷன் ஃபார்மேட் என்ற இடத்தில் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஒரு சரிபார்ப்பை மனதில் பதியுங்கள்: தமிழ்நாட்டில் எங்கு நின்றாலும் முதல் எண் 8 முதல் 13 வரை, இரண்டாவது எண் 76 முதல் 80 வரை. இரண்டையும் மாற்றிப் போட்டால் பூமியின் வேறு மூலைக்குப் போய்விடும் என்பதால் அந்தப் பிழை உடனே தெரிந்துவிடும். தசம இடத்தில் நிகழும் பிழைதான் ஒளிந்துகொள்ளும். ஒரு டிகிரி அட்சம் சுமார் 111 கிலோமீட்டர், ஒரு நிமிடம் 1.85 கிலோமீட்டர், ஒரு நொடி 31 மீட்டர் என்ற மூன்று அளவுகள் நினைவில் இருந்தால் எந்த எண்ணையும் எடைபோடலாம்.

பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் யுடிஎம் கட்ட முறையைப் புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை. அது நல்ல முறைதான். ஆனால் 78° தீர்க்கரேகையில் மண்டலம் 43 முடிந்து 44 தொடங்குகிறது, அந்தக் கோடு திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே தமிழ்நாட்டைப் பிளந்துகொண்டு போகிறது. மண்டல எண்ணை விட்டுவிட்டு மற்ற எண்களை மட்டும் குறித்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மேப் டேட்டம், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் பூமியின் எந்த வடிவக் கணக்கை ஒட்டியவை என்பது. இது ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்றே இருக்கட்டும். பழைய இந்திய நில அளவைத் துறை வரைபடங்கள் எவரெஸ்ட் கோளவுரு என்ற வேறொரு வடிவக் கணக்கை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றிலிருந்து எண்ணை எடுத்து நேராகக் கருவியில் போட்டால், இடம் நூறு மீட்டருக்குக் குறையாமல் தள்ளிப்போகும். சமவெளியில் அது பெரிதல்ல. மலைமுகட்டில் நூறு மீட்டர் என்பது பாதைக்கும் பாறைச்சரிவுக்கும் உள்ள இடைவெளி. பழைய வரைபடத்தைப் பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால், அதன் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் விவரத்தைப் படித்து, அந்த எண்களை உள்ளிடும்போது மட்டும் டேட்டத்தை மாற்றி, முடிந்தவுடன் திருப்பி வையுங்கள்.

வடக்கு எது என்ற அமைப்பைப் பற்றி அயல்நாட்டு வழிகாட்டிகள் பக்கம் பக்கமாக எழுதுவதுண்டு. நம் பகுதியில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றிரண்டு டிகிரிதான் விலகுகின்றன. நடப்பவருக்கு அது பொருட்டில்லை. கருவியும் கைத் திசைகாட்டியும் ஒன்றுபோலக் காட்ட வேண்டுமென்றால் மேக்னடிக் என்று வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். தொலைவு மீட்டரில், நேரம் இந்திய நேரத்தில்.

செயற்கைக்கோள் அமைப்பில் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ் அல்லது ஐரோப்பாவின் கலிலியோவையும் சேர்த்து வையுங்கள். பேட்டரி சற்றுக் கூடுதலாகச் செலவாகும். பள்ளத்தாக்கின் அடியில் வானம் ஒரு கீற்றாகத் தெரியும் இடத்தில், இருப்பிடத்தை உறுதிசெய்யக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். அமைப்புகள் கூடினால் அந்த நான்கு கிடைக்கும் வாய்ப்பும் கூடும்.

5. வரைபடத்தை ஏற்றுதல்

கருவியோடு வரும் அடிப்படை வரைபடத்தில் நம் மலைப்பாதைகள் இருக்காது. தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தரவிலிருந்து கார்மின் கருவிகளுக்கென்று ஆக்கப்பட்ட இலவச வரைபடங்கள் கிடைக்கின்றன. சமஉயரக் கோடுகள் உள்ளதைத் தேர்ந்தெடுத்து, அந்த ஐஎம்ஜி கோப்பை நினைவக அட்டையில் கார்மின் என்ற ஃபோல்டருக்குள் வையுங்கள். பின் கருவியில் மேப் அமைப்புக்குப் போய் அதை எனேபிள் செய்ய வேண்டும். இந்தக் கடைசிச் சிறு வேலையை மறப்பவர்கள் மிகப் பலர். கோப்பு உள்ளே இருக்கும், திரை வெறுமையாக இருக்கும்.

ஏற்றியவுடன் நீங்கள் போகவிருக்கும் இடத்துக்கு வரைபடத்தை நகர்த்தி, பெரிதாக்கிப் பாருங்கள். கோடுகள் தெரிந்தால்தான் இந்தப் படி முடிந்தது.

6. வேபாயின்ட், டிராக், ரூட் மூன்றையும் பிரித்தறிதல்

வேபாயின்ட் என்பது பெயரிட்ட ஒற்றைப் புள்ளி. டிராக் என்பது யாரோ ஒருவர் நடந்த தடம், சில மீட்டர்களுக்கு ஒரு புள்ளியாகப் பதிவானது. ரூட் என்பது நீங்கள் தேர்ந்தெடுத்த சில புள்ளிகளைக் கருவி தானாக இணைக்கும் கோடு. மலையில் மற்ற இரண்டையும்விட டிராக் நம்பகமானது. மனிதக் கால் உண்மையாகவே பட்ட இடங்கள் அதில் இருக்கின்றன.

ரூட்டில் ஒரு பொறி உண்டு. ரூட்டிங் அமைப்பு வாகனத்துக்கு என்று இருந்தால், இரண்டு மலைமுகடுகளுக்கு இடையே வழி கேட்டவரைக் கருவி கீழே இறக்கி, தார்ச்சாலை வழியே முப்பது கிலோமீட்டர் சுற்றவைக்கும். நடைக்கு டைரக்ட் ரூட்டிங் என்று மாற்றுங்கள். அப்போதும் அது நேர்கோடுதான், பாதை அன்று.

வீட்டிலேயே கணினியில் செய்ய வேண்டியது: முன்பு நடந்தவரின் ஜிபிஎக்ஸ் கோப்பு (தடமும் புள்ளிகளும் அடங்கியது) கிடைத்தால் அதைக் கார்மின் ஃபோல்டருக்குள் உள்ள ஜிபிஎக்ஸ் ஃபோல்டரில் சேருங்கள். கிடைக்காவிட்டால் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து முக்கியப் புள்ளிகளை மட்டும் குறியுங்கள்: தொடக்கம், தண்ணீர் உள்ள இடம், பாதை பிரியும் இடங்கள், முகாம், வழியில் கீழிறங்க உதவும் வேறு பாதை. பெயர்கள் குறுகியவையாகவும் படித்தவுடன் புரிபவையாகவும் இருக்கட்டும். 001, 002 என்று விட்டுவிட்டால் மாலையில் எது தண்ணீர், எது பாறைச்சரிவு என்று உங்களுக்கே தெரியாது.

7. மொட்டை மாடிப் பயிற்சி

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன் கருவியை மொட்டை மாடியில் வைத்து இருபது நிமிடம் விடுங்கள். நெடுநாள் அணைந்திருந்த கருவிக்கு எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற பொதுப் பட்டியல் பழையதாகிவிட்டிருக்கும். ஜிபிஎஸ் அமைப்பு அந்த முழுப் பட்டியலை அனுப்பி முடிக்க 12.5 நிமிடம் ஆகிறது. வீட்டிலேயே இதைச் செய்துவிட்டால் மலையடிவாரத்தில் காத்திருப்பு குறையும்.

பின் தெருமுனைப் பெட்டிக்கடையை வேபாயின்டாகக் குறித்து, வேறு தெருக்கள் வழியே சுற்றி, கருவி காட்டும் அம்பை மட்டும் பார்த்துத் திரும்பி வாருங்கள். அம்பு எப்போதும் வீடுகளை ஊடுருவிக் கடையை நேராகக் காட்டும், நீங்கள் தெருவழியேதான் வர முடியும். இந்தப் பத்து நிமிடப் பயிற்சியில் புரிவது, இங்கே நான் எத்தனை பத்தி எழுதினாலும் புரியாது.

திசைகாட்டி இல்லாத கருவியில் (22எக்ஸ் அப்படிப்பட்டது) நீங்கள் நின்றவுடன் அம்பு பொருளற்றதாகிவிடும். நகரும்போது மட்டுமே அது திசையை அறியும். 32எக்ஸ் போன்ற உள்ளே திசைகாட்டி வைத்த கருவிகள் நின்ற இடத்திலும் திசை காட்டும். உங்களுடையது எது என்பதைத் தெருவில் தெரிந்துகொள்ளுங்கள்.

8. அடிவாரத்தில்: ஆறு வேலைகள், இதே வரிசையில்

முதலில், வாகனத்தை விட்டு இறங்கி மரம் இல்லாத இடத்தில் கருவியை இயக்கி அசையாமல் நில்லுங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் துல்லிய இருப்பிடத் தரவை 30 நொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. மரநிழலில் நடந்துகொண்டே வாங்கினால் நடுவில் அறுபட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வெட்ட வெளியில் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிவது, மரத்தடியில் கால் மணி நேரம் இழுக்கும்.

இரண்டாவது, துல்லிய எண்ணைப் பாருங்கள். ± 5 மீட்டர் அல்லது அதற்குக் கீழே வந்து நிலைக்கட்டும். அது கருவியின் மதிப்பீடுதான், உறுதிமொழி இல்லை. உண்மையான பிழை சில வேளை அதைவிடக் கூடும்.

மூன்றாவது, திசைகாட்டியை அளவுத்திருத்தம் செய்யுங்கள். வண்டி, கைப்பேசி, இரும்பு வேலி ஆகியவற்றிலிருந்து சில அடி விலகி நின்று, திரை சொல்கிறபடி மூன்று அச்சுகளில் மெல்லச் சுழற்றுங்கள்.

நான்காவது, உயரமானி உள்ள கருவியில் உயரத்தைச் சரிசெய்யுங்கள் (அடுத்த பகுதியில் விவரம்).

ஐந்தாவது, பழைய டிராக்கைச் சேமித்துவிட்டு அழித்து, டிரிப் எண்களையும் சுழியமாக்குங்கள். இல்லாவிட்டால் போன மாதம் நடந்த கொடைக்கானல் தடமும் இன்றைய தடமும் ஒரே கோடாக இணைந்து, நடந்த தூரம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் என்று வரும்.

ஆறாவதாகத்தான் தொடக்கப் புள்ளியைக் குறிக்க வேண்டும். இதை முதலில் செய்பவர்கள் உண்டு. ஒருமுறை எங்கள் குழுவில் புதிதாக வந்த இளைஞர் ஒருவர், வேன் நிற்பதற்குள்ளேயே ஆர்வத்தில் மார்க் பொத்தானை அழுத்தினார். கருவி இன்னும் இருப்பிடத்தைப் பிடித்திருக்கவில்லை. கடைசியாக அணைக்கப்பட்ட இடத்தை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது, அவர் படிக்காமல் சரி என்றார். மாலை நாலரைக்கு அவர் அம்பைப் பார்த்துவிட்டு, “அண்ணா, வண்டி இன்னும் ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் காட்டுது” என்றார். அவருடைய தொடக்கப் புள்ளி கோயம்புத்தூரில், அவர் வீட்டு வாசலில் இருந்தது.

9. உயரம் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது

இரண்டு வகை உயரங்கள் இருக்கின்றன. செயற்கைக்கோள் கணக்கில் வரும் உயரம், கிடைமட்ட இருப்பிடத்தைவிடத் துல்லியம் குறைந்தது. செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேயே இருப்பதும், காலுக்குக் கீழே ஒன்றுமில்லாததும் காரணம். காற்றழுத்தமானியில் வரும் உயரம் சிறு மாற்றங்களை நன்றாகக் காட்டும், ஆனால் தொடக்க அளவை நீங்கள் தர வேண்டும்.

அந்த அளவுக்கு எங்கே போவது? ரயில் நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகையைப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று அதன் அடியில் எழுதியிருக்கும். நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் ஏறத்தாழ 330 மீட்டரில் தொடங்கி, உதகையில் 2,200 மீட்டர் அளவுக்கு ஏறுகிறது. உதகை நிலையப் பலகை எண்ணைக் கருவியில் உள்ளிட்டுவிட்டு, 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவில் போய்ப் பாருங்கள். பத்து இருபது மீட்டருக்குள் வந்தால் கருவி நலம்.

காலையில் சரிசெய்த கருவி, ஒரே இடத்தில் இருந்தபடியே மாலையில் 25, 30 மீட்டர் கூடுதலாகக் காட்டினால் பழுது என்று நினைக்க வேண்டாம். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் காலை பத்து மணியளவில் உச்சத்துக்குப் போய், மாலை நான்கு மணியளவில் மூன்று நான்கு மில்லிபார் இறங்குகிறது. ஒரு மில்லிபார் என்பது எட்டு முதல் பத்து மீட்டர். உயரம் தெரிந்த இடம் வரும்போதெல்லாம் மீண்டும் சரிசெய்வதே வழி.

இன்னொரு வியப்பு செல்பேசிச் செயலிகளில் வரும். கடற்கரையில் நிற்கும்போது சில செயலிகள் கழித்தல் 80, கழித்தல் 90 மீட்டர் என்று காட்டும். ஜிபிஎஸ் கணக்கிடும் கோளவுருப் பரப்பைவிட உண்மையான கடல் மட்டம் தென்னிந்தியாவில் அந்த அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே இந்தத் தாழ்வு மிகுந்த பகுதி இலங்கைக்குத் தெற்கே உள்ள கடல்தான். கையடக்கக் கருவிகள் இதைத் தாமே கழித்துக் காட்டுகின்றன, எல்லாச் செயலிகளும் அப்படிச் செய்வதில்லை. ஆகவே நண்பரின் செல்பேசியை வைத்து உங்கள் கருவியைத் திருத்தாதீர்கள்.

10. நடக்கும்போது

கருவியைப் பைக்குள் ஆழத்தில் போடாதீர்கள். உடலும் தண்ணீர்ப் புட்டியும் குறிப்பலையை மறைக்கும். தோள்பட்டை வாரில் மாட்டுங்கள். ஈட்ரெக்ஸ் போன்ற தட்டையான ஆன்டெனா உள்ளவற்றில் திரை வானத்தைப் பார்க்க வேண்டும். மேலே குமிழ்போல நீண்ட ஆன்டெனா உள்ளவற்றை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும்.

திரையைப் பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள். பாதை பிரியும் இடத்தில் நின்று பாருங்கள், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள், அவ்வளவு போதும். பிரியும் இடம் ஒவ்வொன்றையும் மார்க் செய்து, போகும்போதே திரும்பி நின்று ஒரு முறை பாருங்கள். திரும்பி வரும்போது அந்த இடம் வேறு முகத்தோடு இருக்கும். மாட்டுத்தடமும் யானைத்தடமும் மனிதர் நடக்கும் பாதையைவிட அகலமாக, அழைப்பது போலவே இருக்கும்.

இனி, மிக ஆபத்தான பிழை. கோ டு என்று ஒரு புள்ளியைக் கொடுத்தால் அம்பு அதை நேர்கோட்டில் காட்டும், தொலைவும் நேர்கோட்டிலேயே வரும். உதகை நிலையத்திலிருந்து தொட்டபெட்டா நேர்கோட்டில் நான்கரை கிலோமீட்டருக்குள்தான். சாலை வழியே அதைப் போல இரு மடங்கு. மேற்குத் தொடர்ச்சியின் உயர்ந்த பகுதிகளில் முகடெல்லாம் புல்வெளியும் மடிப்பெல்லாம் சோலைக்காடுமாக இருப்பதால், பாதை முகட்டை ஒட்டி வளைந்து செல்லும். எதிர் முகட்டில் முகாம் 600 மீட்டர் என்று காட்டுவதைப் பார்த்து, வளைவைத் தவிர்க்கச் சோலைக்குள் இறங்குபவர் ஐந்தே நிமிடத்தில் வழுக்கும் பாறையும் முள்ளும் அட்டையுமாக நிற்பார். மேலே இலைக்கூரை மூடியிருப்பதால் கருவியின் துல்லியமும் சரியாக அப்போதுதான் குறையும். திரையில் கோ டு அம்புக்குப் பதிலாக வரைபடத்தையும் டிராக் கோட்டையும் வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டை ஒட்டி நடங்கள்.

சேரும் நேரம் என்று கருவி காட்டுவதையும் நம்ப வேண்டாம். தற்போதைய வேகத்தில் அந்த நேர்கோட்டைக் கடக்கும் நேரம் அது, ஏற்றம் அதற்குத் தெரியாது. மாறாக, சூரியன் மறையும் நேரத்தைக் கருவியில் பார்த்து, இத்தனை மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புவோம் என்று காலையிலேயே முடிவு செய்யுங்கள்.

11. மூடுபனி இறங்கினால், வழி தவறினால்

நில்லுங்கள். பாதையில் இருக்கிறோமா என்ற ஐயம் வந்த இடத்திலேயே நிற்பது, மேலும் இருநூறு மீட்டர் போய் உறுதிசெய்துகொள்வதைவிட எப்போதும் மலிவு.

டிராக் பேக் என்ற வசதியை இயக்கினால் நீங்கள் வந்த தடமே திரும்பும் வழியாகத் திரையில் வரும். இருபது முப்பது மீட்டர் நடந்து பார்த்து, உங்கள் குறி அந்தக் கோட்டின் மேல் நகர்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஊர் வரும் என்ற பேச்சைக் கேட்காதீர்கள். நம் மலைகளில் ஓடைகள் பாறை விளிம்பில் அருவியாக முடிகின்றன. ஏறவும் முடியாத, இறங்கவும் முடியாத இடத்தில் ஓடைவழி இறங்கியவர்களே மாட்டிக்கொள்கிறார்கள்.

உதவி கேட்க வேண்டிவந்தால், முகட்டில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் 112ஐ அழையுங்கள்; அனுமதி தந்த வனச்சரக அலுவலக எண்ணைக் காலையிலேயே குறிப்பேட்டில் எழுதியிருப்பது அதைவிடப் பயன்படும். இருப்பிட எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள்: “வடக்கு, ஒன்று ஒன்று புள்ளி நான்கு சுழியம்…” என்று. முழுத் தசமம் என்பதையும் சொல்லிவிட்டு, எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அதன் பின் அங்கிருந்து நகராதீர்கள்.

12. ஊர்ப் பயணத்தில்

நகரத்துக்குள் வழி கேட்கச் செல்பேசியே போதும். அதில் இந்தக் கருவியோடு போட்டி இல்லை. ஆனால் இருட்டும் முன் தங்கும் விடுதி வாசலையும், மலைக்கிராமத்தில் கடைசிப் பேருந்து நிற்கும் இடத்தையும் மார்க் செய்வது நல்ல பழக்கம். ரயிலிலோ பேருந்திலோ கருவியைச் சன்னலோரம் வையுங்கள். குளிரூட்டப்பட்ட பெட்டிகளின் பூச்சுக் கண்ணாடி குறிப்பலையைப் பெரிதும் தடுக்கும். அங்கே கிடைக்கவில்லை என்றால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம்.

13. திரும்பிய அன்றே

வண்டியில் ஏறும் முன் டிராக்கைச் சேமித்துப் பதிவை நிறுத்துங்கள். மறந்தால் வீடு வரையிலான சாலைப் பயணமும் நடையோடு சேர்ந்து, சராசரி வேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டர் என்று வரும். பிறகு கணினியில் வெட்டி எடுக்க வேண்டும்.

அன்றிரவே ஜிபிஎக்ஸ் கோப்பைக் கணினியில் நகலெடுத்து, தண்ணீர் இருந்ததா, பாதை அடைபட்டிருந்ததா என்று மாதத்தோடு ஒரு வரி எழுதி வையுங்கள். பங்குனியில் வறண்டிருந்த ஊற்று ஐப்பசியில் ஓடும். எழுதாவிட்டால் அடுத்த முறை எந்த மாதத் தகவல் என்று தெரியாது. காப்புக் காட்டுத் தடங்களை யாவரும் பார்க்கும் இணையத் தளங்களில் ஏற்றாதீர்கள். அதைப் பார்த்து அனுமதியின்றி நுழைபவருக்கு நீங்கள் வழி போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

கடைசியாக, பேட்டரியைக் கழற்றுங்கள். அல்கலைன் பேட்டரி கசிந்து முனைகளில் பச்சை பூத்த கருவிகள் இரண்டு என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன, இரண்டும் மழைக்காலம் முழுதும் பேட்டரியோடு விடப்பட்டவை. அடுத்த பயணத்துக்குப் புதுப் பேட்டரி போட்டவுடன் திசைகாட்டியை மீண்டும் சுழற்றிச் சரிசெய்யுங்கள்.